தள்ளுபடியே இல்லாத விளையாட்டுக்கு மறுவிற்பனைச் சந்தையில் கீ: ஃபேக்டோரியோ விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஃபேக்டோரியோ என்ற கணினி விளையாட்டை உருவாக்கிய வூப் சாப்ட்வேர், செக் நாட்டின் பிராக் நகரில் இருக்கும் நிறுவனம். அது தன் விளையாட்டுக்குத் தள்ளுபடி கொடுப்பதே இல்லை. வால்வ் நிறுவனம் நடத்தும் ஸ்டீம் இணையக் கடையில் கோடைக்கால விற்பனை வந்தாலும் குளிர்கால விற்பனை வந்தாலும் விலை அசையாது. 2016 பிப்ரவரியில் ஸ்டீமுக்கு வந்தபோது 20 டாலர், 2018-ல் 30, 2023 ஜனவரியில் 35. விலை ஏறியிருக்கிறதே தவிர ஒருநாளும் இறங்கியதில்லை.

அதே 2016-ல் ஃபேக்டோரியோவின் ஸ்டீம் கீகள், அதாவது ஸ்டீமில் அடித்தால் விளையாட்டைத் திறந்துவிடும் குறியீடுகள், ஜி2ஏ மறுவிற்பனைச் சந்தையிலும் கைமாறின. அவற்றில் 198 கீகள் முறைகேடாகப் பெறப்பட்டவை என்று 2020 மே மாதம் ஜி2ஏ நிறுவனமே ஒப்புக்கொண்டு, வூப்புக்கு 39,600 டாலர் கொடுத்தது. அந்த 198 பேரும் பணம் கொடுத்துத்தான் வாங்கினார்கள். அவர்கள் கையில் இருந்த கீயைப் பார்த்து எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. திருட்டு கார்டில் வாங்கிய கீயும் நேர்மையாக வாங்கிய கீயும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஒரே மாதிரிதான் ஆக்டிவேட் ஆகும்.

கீ வேலை செய்கிறதா என்று மட்டும் பார்ப்பவர் பாதிச் சோதனையைத்தான் செய்கிறார். அது யார் கையிலிருந்து வந்தது என்பதுதான் மீதிப் பாதி. அதைப் பணம் கட்டும் முன்பே பார்த்தாக வேண்டும், பிறகு பார்க்க வழியில்லை. ஃபேக்டோரியோ விவகாரத்தை இங்கே விரிவாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். இந்தத் துறையில் சந்தேகங்களும் குற்றச்சாட்டுகளும் நிறைய உண்டு. சந்தை நடத்துபவரே கணக்குப் பார்த்து, எண்ணிக்கை சொல்லி, பணமும் கொடுத்த சம்பவம் அபூர்வம்.

நடந்தது என்ன

2016-ல் வூப் தன் சொந்த இணையதளத்திலேயே விளையாட்டை விற்றது. வாங்குபவருக்கு ஸ்டீம் கீயும் கிடைக்கும். கார்டு பணம் ஏற்கப்பட்டதும் கீ தானாகவே போய்ச் சேரும், நடுவில் மனிதர் யாரும் சரிபார்ப்பதில்லை. திருட்டு கார்டு எண் வைத்திருப்பவருக்கு இது மிகவும் வசதியான கடை. தபாலில் வரவேண்டிய பொருள் இல்லை, முகவரி தேவையில்லை, சில நொடிகளில் கைக்கு வரும் சரக்கை உடனே வேறிடத்தில் விற்றுவிடலாம்.

கார்டின் உண்மையான சொந்தக்காரர் மாதக் கணக்கைப் பார்த்து, இது நான் செய்த செலவு இல்லை என்று வங்கியில் புகார் கொடுப்பார். வங்கி அந்தப் பணத்தைக் கடைக்காரரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். இதைத்தான் சார்ஜ்பேக் என்கிறார்கள். விற்ற பணம் போவதோடு, ஒவ்வொரு சார்ஜ்பேக்குக்கும் கடைக்காரர் தனிக் கட்டணமும் கட்ட வேண்டும். வூப்பின் கணக்குப்படி இப்படிச் சிக்கிய கீகள் 300-க்கு மேல். கீ ஒன்றுக்குச் சராசரியாக 20 டாலர் கட்டணம் என்று வைத்து, கட்டணமாக மட்டும் சுமார் 6,600 டாலர் போயிற்று. 20 டாலர் விளையாட்டை விற்று, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அதற்கு மேல் இன்னொரு 20 டாலர் அபராதமும் கட்டினால் சிறிய நிறுவனம் எப்படித் தாங்கும்? பணம் வாங்கும் வேலையை ஹம்பிள் என்ற விளையாட்டு விற்பனை நிறுவனத்தின் வழியாக மாற்றிக்கொண்ட பிறகுதான் இந்தத் தொல்லை அடங்கியது.

அதே 2016 ஜூனில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து டைனிபில்டு நிறுவனம் இதே குற்றச்சாட்டை வெளிப்படையாக வைத்தது. தங்கள் இணையக் கடையில் கார்டு மோசடி குவிந்து சார்ஜ்பேக்குகள் பெருகின என்றும், தங்கள் விளையாட்டுகள் ஜி2ஏ வழியாகச் சுமார் 2 லட்சம் டாலருக்கு விற்றிருக்கின்றன என்றும், அவற்றின் கடை விலை மதிப்பு சுமார் 4.5 லட்சம் டாலர் என்றும் சொன்னது. சந்தேகத்துக்குரிய கீகளின் பட்டியலைக் கொடுங்கள் என்று ஜி2ஏ கேட்டது. டைனிபில்டு கொடுக்கவில்லை. விவகாரம் அத்தோடு நின்றுபோனது. பட்டியல் இல்லாமல் எந்தப் பக்கத்தையும் நிரூபிக்க முடியாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஃபேக்டோரியோ விஷயத்தில் அதுதான் வேறுபாடு.

2019 ஜூலையில் நோ மோர் ரோபாட்ஸ் என்ற பிரிட்டிஷ் வெளியீட்டு நிறுவனத்தின் மைக் ரோஸ் மீண்டும் பிரச்சினையைக் கிளப்பினார். அவர்கள் விளையாட்டின் பெயரை கூகுளில் தேடினால், அவர்களுடைய சொந்தப் பக்கத்துக்கு மேலே ஜி2ஏ விளம்பரம் வந்து நின்றது. ஜி2ஏ-வில் வாங்குவதற்குப் பதில் கள்ளப் பதிப்பையே இறக்கிக்கொள்ளுங்கள், இரண்டிலும் எங்களுக்கு ஒரு காசு வராது என்று அவர் எழுதியது பெரிதாகப் பரவியது. அதற்குப் பதிலாக ஜி2ஏ ஒரு சவால் விட்டது: சார்ஜ்பேக்கில் இழந்த கீகள் தங்கள் சந்தையில் விற்றதாகத் தணிக்கையில் தெரியவந்தால், அந்த இழப்பைப் போல் பத்து மடங்கு தருவோம். அதே நேரத்தில், திருட்டு கீகளை இத்தகைய சந்தைகளில் விற்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம் என்று சொல்லும் கட்டுரை ஒன்றை, விளம்பரம் என்று குறிப்பிடாமலேயே வெளியிடும்படி சில தளங்களுக்கு மின்னஞ்சல் போயிற்று. அது வெளியே வந்ததும், ஊழியர் ஒருவர் அனுமதியின்றி அனுப்பிவிட்டார் என்று ஜி2ஏ விளக்கம் கொடுத்தது.

சவாலை ஏற்ற ஒரே நிறுவனம் வூப். அதனிடம் பட்டியல் தயாராக இருந்தது: 321 கீகள். வெளியிலிருந்து தணிக்கையாளரை அமர்த்துவதாகத்தான் முதலில் பேச்சு. பொருத்தமான ஆள் அமையவில்லை என்று சொல்லி, ஜி2ஏ தானே உள்ளுக்குள் சோதித்தது. 2016 மார்ச் முதல் ஜூன் வரை அந்தப் பட்டியலில் இருந்த 198 கீகள் தன் சந்தையில் விற்றிருப்பது தெரிந்தது. 198-ஐ 20 டாலரால் பெருக்கி, பத்து மடங்காக்கினால் 39,600. மீதி 123 கீகளின் தடம் அந்தச் சந்தையில் கிடைக்கவில்லை. 2020-ல் ஜி2ஏ, கீ விற்பதற்குத் தனிநபர்களை விலக்கி, வணிகக் கணக்குகளுக்கு மட்டும் என்று விதியை மாற்றியது.

கீயில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

ஸ்டீம் கீ என்பது ஐந்தைந்து எழுத்துகளாக மூன்று தொகுதி, மொத்தம் 15 எழுத்து. வால்வ் நிறுவனம் இதை விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறது. வெளியே விற்ற கீக்கு வால்வ் பங்கு கேட்பதில்லை. ஸ்டீமிலேயே விற்றால் பொதுவாக 30 விழுக்காடு பிடித்துக்கொள்ளும். அதனால்தான் உருவாக்குபவர்கள் கீகளை வாங்கித் தங்கள் தளத்தில் விற்கிறார்கள், அங்கீகாரம் பெற்ற கடைகளுக்குக் கொடுக்கிறார்கள், விமர்சகர்களுக்கு அனுப்புகிறார்கள், பல விளையாட்டுகளை ஒரே விலைக்குச் சேர்த்து விற்கும் பண்டில்களில் சேர்க்கிறார்கள்.

கீயில் வாங்கியவர் பெயர் இருக்காது, கொடுத்த விலை இருக்காது. முதலில் யார் அடிக்கிறாரோ அவருக்கே சொந்தம். ஆனால் எந்தக் கீ எந்தத் தொகுப்பில் போனது, எந்த ஆர்டருக்குப் போனது என்ற பதிவு உருவாக்கியவரிடம் இருக்கும். அந்தப் பதிவை வைத்து ஒரு கீயை மட்டுமோ ஒரு தொகுப்பு முழுவதையுமோ பின்னாளில் செல்லாததாக்க முடியும். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்தாலும் விளையாட்டு உங்கள் லைப்ரரியிலிருந்து எடுக்கப்பட்டுவிடும்.

2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் இதைச் செய்தது. ஃபார் க்ரை 4 உள்ளிட்ட விளையாட்டுகளின் கீகளை ஒரே அடியாக முடக்கியது. ஈஏ நிறுவனத்தின் ஆரிஜின் கடையில் மோசடிக் கார்டுகளால் வாங்கி மறுவிற்பனை செய்யப்பட்டவை அவை என்று விளக்கம் சொன்னது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். சில நாளில், ஏற்கெனவே ஆக்டிவேட் செய்து விளையாடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தது. கீயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. வாங்கிய அன்றே ஆக்டிவேட் செய்யுங்கள் என்று எல்லோரும் சொல்வதற்கு இது ஒரு வலுவான காரணம்.

இடைவெளியில்தான் மோசடி வாழ்கிறது

கார்டுக்காரர் புகார் கொடுக்கப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. புகார் வந்து, வங்கி விசாரித்து, கடைக்குத் தகவல் போய், கடைக்காரர் எந்தக் கீ என்று தேடிப் பிடிக்க இன்னும் வாரங்கள் ஆகும். மறுவிற்பனைச் சந்தையில் வாங்கியவருக்கோ புகார் சொல்லக் கிடைக்கும் நாட்கள் குறைவு. பல இடங்களில் கீயைத் திரையில் காட்டச் சொல்லிப் பொத்தானை அழுத்தியதுமே, பொருளைப் பெற்றுக்கொண்டேன், திருப்பிக் கேட்கும் உரிமையை விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். விற்றவர் பணத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பார். கீ பறிபோகும் நாளில் அந்த விற்பனைக் கணக்கே இல்லாமல் போயிருக்கலாம்.

விற்பனையாளருக்கு 99 விழுக்காடு நல்ல மதிப்பீடு என்று பக்கத்தில் போட்டிருப்பதை நம்பி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அந்த மதிப்பீடுகள் கீ வேலை செய்த முதல் ஐந்து நிமிடத்தில் எழுதப்பட்டவை. நான்கு மாதம் கழித்துப் பறிபோனவர் திரும்பிவந்து மதிப்பீட்டை மாற்றுவது அரிது. மதிப்பீடு என்பது கீ அப்போது திறந்ததா என்பதற்கு மட்டுமே சாட்சி.

திருட்டு கார்டு ஒரு வழி மட்டும். விமர்சகர், யூடியூபர், ஸ்டீமில் விளையாட்டுகளைப் பரிந்துரைக்கும் க்யூரேட்டர் என்று பொய் மின்னஞ்சல் அனுப்பி இலவசக் கீகளை வாங்கி விற்பது இன்னொரு வழி. சிறு நிறுவனங்களுக்கு இப்படிப்பட்ட மின்னஞ்சல்கள் விளையாட்டு வெளிவரும் வாரத்தில் வந்து குவியும். இதைக் குறைக்கத்தான் கீயே இல்லாமல் க்யூரேட்டர் கணக்குக்கு நேராக விளையாட்டை அனுப்பும் வசதியை வால்வ் கொண்டுவந்தது. பண்டிலில் மலிவாக வாங்கிய கீகளைப் பிரித்து விற்பதும் உண்டு. அது பண்டில் கடையின் விதிக்கு எதிரானது, என்றாலும் பணம் நேர்மையாகக் கட்டப்பட்டதால் சார்ஜ்பேக் வராது. விலை குறைந்த நாட்டில் வாங்கி விலை கூடிய நாட்டில் விற்பதும் இதே ரகம். மறுவிற்பனைச் சந்தையில் எல்லாக் கீயும் திருட்டு என்று சொல்ல முடியாது. சிக்கல் என்னவென்றால் நான்கு ரகமும் ஒரே பக்கத்தில், ஒரே தோற்றத்தில், அடுத்தடுத்த வரிகளில் கிடக்கும். வாங்குபவருக்குப் பிரித்தறியும் வழியே கிடையாது.

விலை எங்கிருந்து குறைகிறது

தள்ளுபடியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் குறைவை யார் தாங்குகிறார்கள்? அங்கீகாரம் பெற்ற கடைக்கு இதற்கு நேர்மையான பதில் உண்டு. கிரீன் மேன் கேமிங், ஃபனாட்டிகல், ஹம்பிள், கேம்ஸ்பிளானட், கேமர்ஸ்கேட் போன்ற கடைகள் வெளியீட்டாளரிடமிருந்தே கீ பெறுகின்றன. அவற்றுக்கு உரிய கமிஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, புதிதாக வெளிவந்த விளையாட்டைக்கூட 10 முதல் 20 விழுக்காடு வரை குறைத்து விற்க முடியும். வெளியீட்டாளரே அறிவித்த விற்பனை நாட்களில் இதைவிடவும் குறையும். வெளிவந்து இரண்டு வாரம்கூட ஆகாத விளையாட்டு பாதி விலைக்குக் கிடைத்தால், அந்த 50 விழுக்காட்டைத் தாங்குபவர் யார் என்பதற்கு நல்ல பதில் இருக்காது. ஃபேக்டோரியோவைப் போலத் தள்ளுபடியே தராத விளையாட்டென்றால், ஒரு டாலர் குறைந்திருந்தாலும் அந்தக் கேள்வி எழும்.

சோதிக்கும் முறை எளிது, ஐந்து நிமிட வேலை. இஸ் தேர் எனி டீல் என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தில் விளையாட்டின் பெயரைத் தேடுங்கள். அங்கீகாரம் பெற்ற கடைகளை மட்டுமே அது பட்டியலிடுகிறது. இன்றைய விலையோடு, இதுவரை இறங்கிய மிகக் குறைந்த விலையும் தேதியும் வரும். ஜிஜி டீல்ஸ் தளம் அதிகாரப்பூர்வக் கடைகளையும் கீ சந்தைகளையும் தனித்தனிப் பத்திகளில் காட்டும். அதில் எந்தப் பத்தியைப் பார்க்கிறீர்கள் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள், இரண்டும் அருகருகே இருப்பதால் கண் தவறும். ஸ்டீம்டிபி தளத்தில் இந்திய ரூபாய் விலையின் வரலாறும் கிடைக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் விளையாட்டின் சொந்த இணையதளத்துக்குப் போய், அங்கே வாங்கும் பொத்தான் எந்தெந்தக் கடைக்குப் போகிறது என்று பாருங்கள். கூகுள் முடிவில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்திக் கடைக்குப் போகாதீர்கள். மைக் ரோஸ் புகார் சொன்னதே அந்த இடத்தைப் பற்றித்தான்.

இந்திய வாசகர்கள் இன்னொன்றையும் கணக்கிட வேண்டும். ஸ்டீம் இந்தியாவில் ரூபாயில் விலை போடுகிறது, யுபிஐ-யும் ஏற்கிறது. பல விளையாட்டுகளுக்கு ரூபாய் விலை டாலர் விலையைவிடக் குறைவு. வெளிநாட்டுச் சந்தையில் யூரோவில் காட்டும் மலிவு விலையோடு சேவைக் கட்டணம், கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் (பல வங்கிகளில் 2 முதல் 3.5 விழுக்காடு, அதன் மேல் ஜிஎஸ்டி) எல்லாம் சேர்த்துப் பாருங்கள். பல நேரம் மிச்சம் நூறு ரூபாய்கூடத் தேறாது. அடுத்த ஸ்டீம் விற்பனை வரை பொறுத்தால் அதைவிட மலிவாகவும் கிடைக்கலாம்.

விற்பனைப் பக்கத்தை எப்படி வாசிப்பது

இவ்வளவுக்கும் பிறகு மறுவிற்பனைச் சந்தையில்தான் வாங்குவது என்று ஒருவர் முடிவெடுத்தால், படத்தையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. தலைப்பின் கடைசிச் சொற்களில்தான் ஆபத்து ஒளிந்திருக்கும்.

முதலில், அது கீயா கணக்கா? 'ஸ்டீம் கீ' என்பதும் 'ஸ்டீம் அக்கவுண்ட்' என்பதும் ஒரே பட்டியலில் கலந்து வரும், கணக்கு எப்போதும் மலிவாக இருக்கும். கணக்கு வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது யாரோ ஒருவருடைய பயனர்பெயரும் கடவுச்சொல்லும். 'ஆஃப்லைன் ஆக்டிவேஷன்' என்று போட்டிருந்தால், அதே கணக்கைப் பலருக்கு விற்றிருக்கிறார்கள் என்று பொருள். கணக்கை விற்பதும் கைமாற்றுவதும் ஸ்டீமின் ஒப்பந்தப்படி தடை. கணக்கைத் தொடங்கியவர் முதலில் வாங்கிய ரசீதைக் காட்டி ஸ்டீம் சப்போர்ட் வழியாக எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ள முடியும். அந்த நாளில் உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. கணக்கு என்ற சொல் கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

அடுத்தது பகுதி. 'குளோபல்' என்றால் பொதுவாக எங்கும் செல்லும். 'யூரோப்', 'லேட்டம்' (லத்தீன் அமெரிக்கா), 'ஆர்யூ' (ரஷ்யா) என்றெல்லாம் இருந்தால் அந்தப் பகுதிக்கு வெளியே திறக்காமல் போகலாம். ஐரோப்பாவுக்குள்ளேயே நாடு வாரியாகப் பூட்டியதற்காக 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் வால்வுக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் சேர்த்து 78 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அந்தத் தீர்ப்பு ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் மட்டும்தான். சென்னையிலோ கொழும்பிலோ இருந்து கொண்டு ரஷ்யக் கீயைத் திறக்க அது உதவாது. விபிஎன் போட்டு ஆக்டிவேட் செய்யுங்கள் என்று குறிப்பு கொடுத்திருந்தால் வாங்காதீர்கள். பகுதியை மறைக்க விபிஎன் பயன்படுத்துவது ஸ்டீம் ஒப்பந்தத்துக்கு எதிரானது, அதில் மாட்டுவது உங்கள் கணக்கு, விற்றவருடையதல்ல. பல வருடம் சேர்த்த லைப்ரரியை ஒரு விளையாட்டுக்காகப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

பிறகு தளமும் பதிப்பும்: ஸ்டீமா, எபிக்கா, எக்ஸ்பாக்ஸா, முழு விளையாட்டா, டிஎல்சி என்ற கூடுதல் உள்ளடக்கம் மட்டுமா. பிளேஸ்டேஷன் முழு விளையாட்டுக்கான கோடு என்று யாராவது விற்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. கடைகள் வழியாக முழு விளையாட்டுக் கோடுகள் விற்பதை சோனி 2019 ஏப்ரல் 1-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. கடையில் கிடைப்பது வாலட் கார்டும் கூடுதல் உள்ளடக்கமும்தான்.

எந்த விளையாட்டு என்று சொல்லாமலேயே விற்கும் 'ரேண்டம் கீ' பெட்டிகளைத் தொடவே வேண்டாம். விலை போகாத, இலவசமாகக் கொடுக்கப்பட்ட சரக்கைத் தள்ளும் இடம் அது.

பணம் கட்டும்போது

வாங்கப்போவதைக் காட்டும் கூடைப் பக்கத்தில் மொத்தத் தொகையை மறுபடி பாருங்கள். பாதுகாப்புத் திட்டம், மாதச் சந்தா என்று ஏதாவது தானாகவே டிக் ஆகியிருக்கும். ஜி2ஏ ஷீல்டு என்ற மாதச் சந்தா, எளிதில் ரத்துசெய்ய முடியவில்லை என்ற புகாரால் பெயர் கெட்டது. வாங்குபவருக்கு அடிப்படையாகக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பைக் காசுக்கு விற்கிறார்கள் என்று 2017-ல் கியர்பாக்ஸ் வெளியீட்டு நிறுவனம் கண்டித்து, ஜி2ஏ-வோடு செய்திருந்த ஒப்பந்தத்தை விட்டே விலகியது. சந்தையின் வாலட்டில் மிச்சப் பணம் விடாதீர்கள். 180 நாள் உள்ளே நுழையாவிட்டால் மாதம் ஒரு யூரோ கழிக்கும் விதியை ஜி2ஏ ஒரு காலத்தில் வைத்திருந்தது.

கிரெடிட் கார்டில் கட்டுவதே நல்லது. பொருள் கிடைக்கவில்லை, சொன்னபடி இல்லை என்றால் வங்கி வழியாகத் தகராறு எழுப்பும் உரிமை அதில் இருக்கிறது. கிரிப்டோ, கிஃப்ட் கார்டு, தனிநபருக்கு யுபிஐ, இந்த மூன்றிலும் போன பணம் போனதுதான். டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் டிஸ்கார்டிலும் கீ விற்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையே கேட்பார்கள். முதல் கீ சரியாக வரும், இரண்டாவதும் வரும். மூன்றாம் முறை மொத்தமாக வாங்கினால் இன்னும் மலிவு என்பார்கள், பணம் போனதும் பிளாக் செய்துவிடுவார்கள். ரீஃபண்ட் அனுப்புகிறோம், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் எண் போடுங்கள் என்றால் அது இரண்டாவது கொள்ளை. பணம் வாங்குவதற்கு யுபிஐ-யில் பின் எண் தேவையே இல்லை.

கீயை எங்கள் தளத்தில் ஸ்டீம் லாகின் செய்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னாலும் செய்யாதீர்கள். ஸ்டீம் லாகின் சாளரம் போலவே பக்கத்துக்குள் படம் வரைந்து காட்டும் போலிகள் உண்டு. அந்தச் சாளரத்தைப் பிரவுசருக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். வெளியே வராவிட்டால் போலி. கீ என்பது 15 எழுத்து, அதைக் கொடுக்க உங்கள் லாகினோ, லாகினைப் பாதுகாக்கும் ஸ்டீம் கார்டு (Steam Guard) எண்ணோ யாருக்கும் தேவைப்படாது.

ஆக்டிவேட் செய்யும் நேரம்

கீயைக் காட்டு என்ற பொத்தானை அழுத்தும் முன்பே திரைப் பதிவைத் தொடங்குங்கள். ஆர்டர் எண், தேதி, கீ தோன்றும் தருணம், ஸ்டீமில் அடிப்பது, வரும் செய்தி எல்லாம் வெட்டாமல் ஒரே காணொளியில் இருக்க வேண்டும். கீ ஏற்கெனவே பயன்பட்டது என்று வந்தால், நீங்களே வேறு கணக்கில் போட்டுவிட்டீர்கள் என்று விற்றவர் சொல்லுவார். காணொளி இல்லாதவரால் அதை மறுக்க முடியாது.

ஸ்டீம் செயலியில் மேலே கேம்ஸ் மெனுவைத் திறந்து 'ஆக்டிவேட் எ ப்ராடக்ட் ஆன் ஸ்டீம்' என்பதைத் தேர்ந்தெடுத்துக் கீயை ஒட்டுங்கள். கையால் அடிப்பதைத் தவிர்க்கவும். கீயைப் படமாக அனுப்பியிருந்தால் பி-யும் எட்டும், ஓ-வும் பூஜ்யமும் குழம்பும்.

வரும் பிழைச் செய்தி ஒவ்வொன்றுக்கும் வேறு பொருள். 'டூப்ளிகேட்' என்றால் வேறொரு கணக்கில் அது ஏற்கெனவே திறக்கப்பட்டுவிட்டது. அன்றே புகார் கொடுக்க வேண்டும். 'இன்வாலிட்' என்றால் எழுத்துப் பிழையாக இருக்கலாம், வேறு தளத்தின் கீயாக இருக்கலாம், நீங்கள் திறக்கும் முன்பே முடக்கப்பட்டதாகவும் இருக்கலாம். பகுதித் தடை என்று வந்தால் கீ இன்னும் செலவாகவில்லை, திருப்பிக் கொடுக்க வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே உங்களிடம் இந்த விளையாட்டு இருக்கிறது என்று வந்தாலும் அப்படித்தான். திரும்பத் திரும்பத் தவறாக அடித்தால் ஸ்டீம் ஒரு மணி நேரம் வரை முயற்சியை நிறுத்திவைக்கும், பதற்றப்பட வேண்டாம்.

திறந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது, பலர் இதைச் செய்வதில்லை. ஸ்டீமின் அக்கவுண்ட் விவரப் பக்கத்தில் லைசென்ஸ்களையும் கீ ஆக்டிவேஷன்களையும் காட்டும் பட்டியல் இருக்கிறது. அதில் நீங்கள் இப்போது சேர்த்த தொகுப்பின் பெயரைப் படியுங்கள். சாதாரணக் கீ என்றால் விளையாட்டின் பெயரும், பெற்ற வழியாக 'ரீடெயில்' என்பதும் இருக்கும். பெயரோடு 'பீட்டா டெஸ்டிங்' என்று ஒட்டியிருந்தால் அது சோதனையாளர்களுக்குக் கொடுத்த தொகுப்பு. சோதனை முடிந்ததும் உருவாக்கியவர் அதை எடுத்துவிட முடியும். விளையாட்டு திறக்கிறதே என்று விட்டுவிடாமல், புகார் சொல்லும் நாட்கள் முடிவதற்குள் அந்தப் பக்கத்தின் படத்தோடு விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

பறிபோனால்

ஸ்டீமின் ரீஃபண்ட் விதி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும் என்பது. அது ஸ்டீமிலேயே வாங்கியதற்குத்தான். வெளியில் வாங்கிய கீக்கு ஸ்டீம் சப்போர்ட் பணம் தராது. கீ ஏன் ரத்தானது, யார் கேட்டு ரத்தானது என்ற விவரத்தை அவர்களிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அந்தப் பதில் அடுத்த படிகளுக்கு ஆதாரமாகும்.

அடுத்து, விளையாட்டை உருவாக்கியவருக்கு எழுதுங்கள். அவர் இதில் உங்களைப் போலவே பணம் இழந்தவர் என்பதை மனதில் வைத்து எழுதுங்கள். ஸ்டீமில் கோபமான விமர்சனம் போடுவது தவறான ஆளை அடிப்பது. எங்கே, எப்போது, எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று ரசீதோடு சொன்னால், அந்தக் கீ எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று அவர்களால் சொல்ல முடியும். சிறு நிறுவனங்கள் பலவும் நேர்மையாக எழுதியவருக்கு உதவ முயல்வார்கள், அது அவர்கள் கடமை இல்லை என்றாலும். வூப்பின் 321 வரிப் பட்டியல் பயன்பட்டதும், கீயும் ஆர்டரும் ஒவ்வொன்றாகப் பொருத்தி எழுதி வைத்திருந்ததால்தான்.

சந்தையில் ஆர்டர் எண், காணொளி, ஸ்டீமின் பதில் மூன்றையும் இணைத்துப் புகார் கொடுங்கள். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ கார்டு வங்கியிடம் தகராறு எழுப்புங்கள். வங்கியின் காலக்கெடு வாங்கிய நாளிலிருந்தா, சிக்கல் தெரிந்த நாளிலிருந்தா என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். வங்கித் தகராறு எழுப்பினால் சந்தை உங்கள் கணக்கை முடக்கும் வாய்ப்பு அதிகம், அதற்கு முன்பே அங்கிருக்கும் ரசீதுகளையெல்லாம் இறக்கி வைத்துவிடுங்கள்.

டெலிகிராம், இன்ஸ்டாகிராம் விற்பனையாளரிடம் யுபிஐ-யில் ஏமாந்தவர் இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கிவைக்கும் வாய்ப்பு இருக்கிறது. மறுநாள் ஆகிவிட்டால் அது பல கணக்குகள் தாண்டிப் போயிருக்கும். பரிவர்த்தனைக் குறிப்பு எண், பெறுநரின் யுபிஐ முகவரி, உரையாடலின் திரைப் படங்கள் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். உரையாடலை அவர் தன் பக்கத்திலிருந்து அழித்துவிடக்கூடும், ஆகவே அழைப்பதற்கு முன் முதல் வேலையாகப் படம் எடுத்துவிடுங்கள்.